சார்ந்தோர் சான்றிதழ்

என் கணவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று கேட்கிறீர்கள். எனக்குக் கணவர் இல்லை. ஐயோ பாவம் என்று முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம், இறந்துபோகவில்லை. நான் திருமணமே செய்துகொள்ளவில்லை. இந்தக் கோப்பின்மேல் 'முன்னாள் படைவீரர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே கேட்டீர்கள்? அந்தப் படைவீரர் நான்தான். மேஜர் கிருபாவதி, ராணுவச் செவிலியர் பணி, இருபத்திரண்டு ஆண்டுகள், ஓய்வு.

நீங்கள் வருந்த வேண்டியதில்லை. படித்தவர்களே இப்படித்தான் கேட்கிறார்கள். படித்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்றும் சொல்லலாம். இந்தப் பேருந்து நகரம் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். உங்களுக்கும் வேறு வேலை இல்லை. நான் எங்கே போகிறேன், எதற்காகப் போகிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இடையில் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் வரிசை கலைந்துவிடும்.

நாற்பத்தெட்டு வயதில் ஊருக்குத் திரும்பினேன். வேறு பெண்களாக இருந்தால் கோழி வளர்ப்பார்கள், தேவாலயத்தில் மாதர் சங்கத்துக்குத் தலைவியாவார்கள். நான் படிப்பதென்று முடிவு செய்தேன். சமூகப்பணியில் முதுகலை. அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். அதன் விவரக்குறிப்பை வாங்கிப் படித்தேன். நான் எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவள். முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஓர் இடம் இருந்தது. ஒரே ஓர் இடம். எனக்காகவே வைத்தது போல.

கல்லூரி அலுவலகத்தில் லெட்சுமணப்பெருமாள் என்றொரு எழுத்தர். நான் போய் நின்றதும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்கம்மா. சார் வரலையா?"

"எந்த சார்?"

"மிலிட்டரி சாரும்மா."

விளக்கினேன். அடையாள அட்டையைக் காட்டினேன். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ரொம்ப சந்தோசம்மா," என்றார். பிறகு, "சார்ந்தோர் சான்றிதழ் எங்கம்மா?" என்றார்.

சார்ந்தோர் சான்றிதழ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. படைவீரரின் மனைவி, விதவை, மகன், மகள் ஆகியோர் அவரைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்று மாவட்ட நல அலுவலகம் கொடுக்கும் தாள்.

"நான் யாரையும் சார்ந்தவள் அல்ல," என்றேன்.

"அது எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. அது இல்லாம அப்ளிகேசன் உள்ள ஏறாது. போயி உங்க பேருக்கு நீங்களே ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்க."

பனிக்காற்றில் தகரக் கொட்டகைக்குள் நின்று, வெட்டிய காலை மூட்டைகட்டி வெளியே அனுப்பியவள் நான். எங்களிடம் வந்த எவனிடமும் நாங்கள் முதலில் படிவம் கேட்டதில்லை. இந்த மனிதர் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு, நான் என்னையே சார்ந்திருக்கிறேன் என்பதற்குச் சான்று கேட்டார்.

போனேன். வேறு என்ன செய்வது? மாவட்ட அலுவலகத்தில் எழுபது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். டோக்கன் காலை எட்டரைக்கே தீர்ந்துவிட்டதாம். எட்டரைக்கு டோக்கன் தீரும் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. அதை உரக்கச் சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு பெண்ணைத் தவிர.

"அக்கா, எந்தச் சான்றுக்கா?"

இருபத்து நான்கு வயதிருக்கும். சங்கரேஸ்வரி என்று பெயர் சொன்னாள். என்னை அக்கா என்று அழைக்க அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. "மேடம் என்று சொல்லலாம்," என்றேன். "சரிங்கக்கா," என்றாள்.

அவளிடம் ஒரு நெகிழிப்பை இருந்தது. அதற்குள் எல்லாப் படிவங்களும் இருந்தன, ஒவ்வொன்றிலும் மூன்று நகல். கணவன் சிப்பாயாம். லடாக்கில் வண்டி கவிழ்ந்து இறந்தவன். மணமாகி ஒன்றரை ஆண்டு. அதற்குப் பிறகு எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"படிவத்துல மனைவி, விதவை, மகன், மகள்னு இருக்க நாலையும் பேனாவால அடிச்சிட்டு, ஓரத்துல 'தாமே'ன்னு எழுதி, ஆபீசர்கிட்ட சின்னக் கையெழுத்து வாங்கிருங்கக்கா. போன வருசம் எங்க ஊர்ல ஒரு மாமாவுக்கு அப்படித்தான் முடிச்சுக் குடுத்தாங்க. இன்னைக்கு விட்டா மூணு நாள் லீவு. அப்புறம் உங்க கடைசித் தேதி போயிரும்."

தன் டோக்கனை என் கையில் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளாகவே கொடுத்தாள்.

"உனக்கு?"

"எனக்குப் புதுசு வாங்கத்தாங்க்கா வந்தேன். பழசு ஒண்ணு இருக்கு. பாப்போம், இருந்தா கடைசியில கூப்பிடுவாங்க."

வரிசையில் நின்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் விண்ணப்பித்திருப்பதும் அதே கல்லூரி, அதே படிப்பு. மாமனார் ஓய்வுபெற்ற ஹவில்தார். கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியில் தங்கிப் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் தை மாதத்தில் இளைய மகனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள்.

"அவன் என்னை மதினின்னு கூப்பிட்டவங்க்கா. பத்தாவது பரிச்சைக்கு நான்தான் அவனுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தேன். இந்த ஒரு சீட்டுதாங்க்கா எனக்கு."

இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போலும். பழைய சான்றிதழையும் எடுத்துக் காட்டினாள். நான் தேதியைப் பார்த்தேன். தேதியைப் பார்ப்பது என் பழக்கம். மருந்துப் புட்டியாக இருந்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

என் சான்றிதழை முடிக்க நெடுநேரம் பிடித்தது. 'தாமே' என்று எழுத அந்த அதிகாரி இரண்டு முறை யாருக்கோ தொலைபேசினார். பகல் ஒரு மணிக்குச் சாளரத்தை மூடிவிட்டார்கள். அவள் வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். "கிடைச்சிருச்சாக்கா?" என்றாள். கிடைத்துவிட்டது என்றேன். அவளுக்குக் கிடைக்கவில்லை. பழசே போதும், நாலு நாள் முன்னப்பின்ன யார் பார்க்கப்போகிறார்கள் என்று லெட்சுமணப்பெருமாள் அவளிடம் சொல்லியிருந்தாராம். அவர் அப்படித்தான் சொல்வார். என்னைச் சார்ந்து நானே வாழ்கிறேனா என்று சான்று கேட்கிற மனிதருக்கு, தேதி என்றால் இளப்பம்.

தேர்வு நாள், அதாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாள், வெள்ளிக்கிழமை. முதல்வர் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான், ஓர் இடத்துக்கு. அவளுடன் அந்த மாமனார் வந்திருந்தார். என் பெயரை அழைத்தார்கள். நான் எழுந்து, "மேஜர் கிருபாவதி," என்றேன். அவ்வளவுதான். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் எழுந்து, குதிகால் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி நின்றார்.

"ஜெய்ஹிந்த், மேடம். ஹவில்தார் கோமதிநாயகம்."

தலையில் தொப்பி இல்லாததால் சல்யூட் அடிக்கவில்லை. பார்த்தீர்களா? சினிமா பார்த்துவிட்டு வெறுந்தலையோடு கையை நெற்றிக்குக் கொண்டுபோகிற கூட்டத்தில், முறை தெரிந்த ஒரே மனிதர். அந்தக் கல்லூரியில் நான் யாரென்று ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டவரும் அவர் ஒருவர்தான். தேர்வுக்குழுவினர் உட்கார்ந்தே இருந்தார்கள். முதல்வர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

விவரக்குறிப்பின் முன்னுரிமை வரிசையில், பணியில் உயிர்விட்டவரின் விதவைக்கு முதல் இடம். படைவீரருக்கு நான்காம் இடம். ஆம், நான்காம் இடம். நாட்டுக்கு வேலை செய்தவர் நான்காவது. இதை யார் எழுதினார்களோ அவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

முதல்வர் அவள் கோப்பைப் புரட்டி, "சங்கரேஸ்வரி. விதவை. சரி," என்று பேனாவைத் திறந்தார்.

"ஐயா, ஒரு நிமிடம். சான்றிதழின் தேதியைப் பார்த்தீர்களா?" என்றேன்.

பார்த்தார். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். ஆறு மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்தது.

"நாலு நாள்தானே மேடம். திங்கட்கிழமை புதுசு கொண்டுவந்து குடுக்கட்டும்."

"விவரக்குறிப்பு, பக்கம் பதினொன்று. தேர்வு நாளன்று செல்லுபடியாகும் சான்றிதழ். திங்கட்கிழமை தேர்வு நாள் அல்ல."

முதல்வருக்கு என்னைப் பிடிக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, "மேடம், உங்களுக்கு சுயநிதிப் பிரிவுல இன்னைக்கே ஒரு இடம் தாரேன். அதே பாடம், அதே வாத்தியார், அதே வகுப்பு. இந்தப் பிள்ளைக்கு இது ஒண்ணுதான்," என்றார்.

அதே வகுப்புதான். ஆனால் அறிவிப்புப் பலகையில் 'முன்னாள் படைவீரர்' என்ற தலைப்பின்கீழ் என் பெயர் வராதே? எல்லா மேசைகளிலும் நான் யாருக்கோ மனைவியாக, யாருக்கோ மகளாக நின்று பதில் சொல்லியாயிற்று. அந்த ஒரு வரி எனக்கு வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "நான் சலுகை கேட்டு வரவில்லை," என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அந்த மாமனார் பக்கம் திரும்பினார். "பெரியவரே, திங்கட்கிழமை கொண்டாறேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன். என்ன சொல்லுதீங்க?"

அந்த மனிதர் முதல்வரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"மேடம் என்ன சொல்லுதாக?"

"விதியில் இடமில்லை, ஹவில்தார்."

"சரி, மேடம்."

அவ்வளவுதான். கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். எங்களுக்குள் இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் கிடையாது. முதல்வர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இப்படியொரு ஒழுங்கை அவர் அந்தக் கட்டடத்தில் கண்டிருக்க மாட்டார்.

அந்தப் பெண் மட்டும், "மாமா, ஒரு நிமிசம் மாமா. அன்னைக்கு ஆபீசுல நான்தான்..." என்று ஆரம்பித்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மாமனார், "மேஜர் சொல்லிட்டாகல்லா. எந்திரி தாயி," என்றார். எழுந்துவிட்டாள்.

என்ன சொல்ல வந்தாளோ, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். டோக்கன் அவளுடையது என்பது உண்மை. ஆனால் டோக்கனைக் கொடுத்தவர் தன் சான்றிதழின் தேதியையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு நான் பொறுப்பாக முடியுமா? ஏன் சன்னலுக்கு வெளியே பார்க்கிறீர்கள்? அங்கே ஒன்றும் இல்லை. செங்கல் சூளைதான்.

சேர்ந்தேன். பலகையில் பட்டியல் வந்தது. 'திருமதி கிருபாவதி, முன்னாள் படைவீரர் மனைவி' என்று அச்சிட்டிருந்தார்கள். இரண்டு மனு எழுதி அதைத் திருத்தவைத்தேன். திருத்திய பட்டியலை ஒட்டும்போது எல்லாரும் சேர்ந்து வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். படித்தவர் யாருமில்லை.

வகுப்பைப் பற்றி என்ன சொல்ல? உடன் படித்த பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்றார்கள். முன்வரிசையில் நான் உட்கார்ந்தால் மூன்று வரிசைக்குப் பின்னால் போய் அமர்ந்தார்கள். பாடம் நடத்திய பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, ஒவ்வொருவரும் மனத்தைத் திறந்து பேச வேண்டும் என்பாள். பிறர் இடத்தில் நின்று பார்ப்பது எப்படி என்று ஒரு பாடம், ஒரு பருவம் முழுக்க. இருபத்திரண்டு ஆண்டு செவிலியராக இருந்தவளுக்கு அதைச் சொல்லித்தருகிறாளாம். "மேம், நீங்க ஒரு தடவை தப்பா முடிவெடுத்ததைப் பத்திச் சொல்லுங்க," என்றாள். அப்படி ஒன்றும் நினைவில்லை என்றேன். வகுப்பே சிரித்தது. நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

களப்பணி என்று ஓர் அங்கன்வாடிக்கு அனுப்பினார்கள். குழந்தைகளின் எடையைக் குறிக்கும் பதிவேட்டில் பதினேழு பிழைகளைக் கண்டுபிடித்து அறிக்கை கொடுத்தேன். அந்த ஆயா அழுதாளாம். என்னைப் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். என்னை!

எல்லாவற்றையும் தாங்கினேன். டிசம்பரில் படைவீரர் கொடிநாள் விழா வந்தது. என்னை மேடைக்கு அழைத்து மாலை போடப்போவதாகச் சொன்னார்கள். பதக்கங்களை எடுத்து மெருகேற்றிக் குத்திக்கொண்டு போனேன். முதல்வர் ஒலிவாங்கியைப் பிடித்து, "நம் கல்லூரியில் பயிலும், எல்லையைக் காத்த வீரரின் அன்புத் துணைவியார்..." என்றார். வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாலையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தேன். ஏழு காரணங்கள், எண்ணிட்டு.

லெட்சுமணப்பெருமாள் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "இந்த சீட்டு இனிமே யாருக்கும் போகாதும்மா. ரெண்டு வருசத்துக்குக் காலியாத்தான் கெடக்கும்," என்றார். அது பல்கலைக்கழகத்தின் விதி. நான் எழுதியதல்ல.

இப்போது அங்கேதான் போகிறேன். என் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வேண்டும். மூன்று முறை அலைந்தாயிற்று. ஒருமுறை எழுத்தர் விடுப்பு. ஒருமுறை சாவி இல்லை. ஒருமுறை, "சார் கையெழுத்து வேணும்மா," என்றார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்கிறீர்கள். எல்லாரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள். என் படிப்பைப் பற்றி ஒருவரும் வருந்துவதில்லை.

பொங்கல் கழிந்த வாரம் வந்திருந்தார்கள், எங்கள் வீட்டுக்கே. வாசலில் ஆட்டோ நின்றது. ஹவில்தார் கோமதிநாயகம், கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, அழைப்பிதழ். அந்தப் பெண் அவர் பின்னால் நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் உள்ளே அழைக்கும்வரை அவர் வாசற்படியில் கால் வைக்கவில்லை. உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"மேடம் அன்னைக்கு ஒரு முடிவு சொன்னது நல்லதாப் போச்சு," என்றார். "இல்லேன்னா நாங்க ரெண்டு மனசாவே கெடந்திருப்போம். வார புதன்கிழமை சின்னவனுக்குக் கல்யாணம். மேடம் வந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணணும்."

அவரிடம் என்ன குறை சொல்ல முடியும்? கட்டளையை ஏற்று, அதை நிறைவேற்றி, வந்து தெரிவித்திருக்கிறார். உறையைப் பார்த்தேன். 'மேஜர் கிருபாவதி (ஓய்வு) அவர்கள்' என்று எழுதியிருந்தது. திருமதி இல்லை, ஒரு பிழை இல்லை. யார் எழுதியது என்றேன். "மருமவதான் மேடம்," என்றார்.

அவர் ஆட்டோக்காரனிடம் ஏதோ சொல்ல வெளியே போனபோது, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கிளாஸெல்லாம் எப்படிக்கா போவுது?"

நான் விலகிவிட்டேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். "போகிறது," என்றேன். போய்க்கொண்டுதானே இருக்கிறது, மற்றவர்களுக்கு?

"உங்க நோட்டு எதாவது இருந்தா தருவீங்களாக்கா? சும்மா வாசிச்சுப் பாக்கத்தான். கல்யாணம் முடிஞ்சிட்டா கைக்கு ஒண்ணும் கெடைக்காது."

ஐந்து நோட்டுப் புத்தகங்கள் வாங்கி, ஐந்துக்கும் உறை போட்டு வைத்திருந்தேன். நான்கில் ஒன்றும் எழுதவில்லை. எழுதிய ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அவள் நின்றபடியே புரட்டினாள். வாயசைத்து ஒரு பக்கம் முழுவதையும் படித்தாள். இன்னொரு பக்கம் படித்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் இப்படி நின்றுகொண்டு படிப்பதை நான் பார்த்ததில்லை. மூன்றாம் பாடத்தின் தலைப்பு வந்தது. அதற்குப் பிறகு வெறும் தாள். திருப்பினாள். அடுத்ததும் வெறும் தாள். கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல எழுதலையாக்கா?"

நான் பொய் சொல்லி வளர்ந்தவள் அல்ல. எங்கள் பணியில் ஓர் அளவைத் தவறாகச் சொன்னால் ஒரு உயிர் போகும்.

"இதுக்கு மேல இன்னும் நடத்தலை," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நோட்டை மூடி, முந்தானையில் ஒருமுறை துடைத்து, அந்த நெகிழிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "அப்ப நடத்துனதும் மிச்சத்தைத் தாங்கக்கா," என்றாள். நம்பிவிட்டாள்.

வாசலில் ஹவில்தார் நேராக நின்றுகொண்டிருந்தார். அவளும் வெளியே போய் அவர் பின்னால் நின்றாள். மேலதிகாரி திரும்பும்முன் அவர் திரும்ப மாட்டார், அது எங்கள் முறை. அவர் நகராததால் அவளும் நகர முடியவில்லை. ஆட்டோவின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். யாராவது முதலில் உள்ளே போக வேண்டும். அதனால் நான்தான் கதவைச் சாத்தினேன்.